அணுக்கள் ஏன் சேர்கின்றன? வேதிப்பிணைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் 9ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ, நீட் வரை படிக்கும் பிள்ளைகளும், மாலையில் அவர்களோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. ஆற்றல் மதிப்புகள் எல்லாம் ஒரு மோலுக்கு, கிலோஜூலில். பாடப்புத்தகத்துக்குப் புத்தகம் சில கிலோஜூல் கூடக் குறைய இருக்கும். அதனால் முடிவு மாறாது.

அணுக்கள் ஏன் ஒன்றோடொன்று சேர்கின்றன? சுருக்கமான பதில் உண்டா?

உண்டு. சேர்ந்திருக்கும்போது மொத்த ஆற்றல் குறைகிறது, அதனால் சேர்கின்றன. குறையாவிட்டால் சேராது. எலக்ட்ரான் இடம்மாறும் அயனிப் பிணைப்பு, எலக்ட்ரானைப் பகிரும் சகப்பிணைப்பு, எலக்ட்ரான்கள் எல்லா அணுக்களுக்கும் பொதுவாகும் உலோகப் பிணைப்பு என்று பெயர்கள் வேறுபட்டாலும், ஆற்றலைக் குறைக்கும் வழிகளே அவை.

ஹைட்ரஜனை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் நெருங்கும்போது ஒவ்வொரு எலக்ட்ரானையும் இரண்டு உட்கருக்களும் இழுக்கின்றன. கூடவே எலக்ட்ரானும் எலக்ட்ரானும், உட்கருவும் உட்கருவும் விலக்குகின்றன. தூரம் குறையக் குறைய முதலில் ஈர்ப்பு மேலோங்கி ஆற்றல் இறங்குகிறது. உட்கருக்களுக்கு இடையே 74 பிக்கோமீட்டர் இருக்கும்போது ஆற்றல் மிகக் குறைவு. அதற்கும் உள்ளே தள்ளினால் விலக்கம் செங்குத்தாக ஏறும். அந்த 74 தான் பிணைப்பு நீளம். அங்கிருந்து இரண்டையும் முழுவதுமாகப் பிரிக்கத் தேவைப்படும் 436 கிலோஜூல் தான் பிணைப்பு ஆற்றல். இதை 1927இல் ஹைட்லர், லண்டன் என்ற இருவர் குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு முதன்முதலில் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

பலரும் கவனிக்காத ஒரு விஷயம்: ஆற்றல் குறைய வேண்டுமானால் அந்த மிச்ச ஆற்றல் எங்காவது வெளியேற வேண்டும். வெற்றிடத்தில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் மட்டும் மோதினால் பெரும்பாலும் விலகித்தான் போகும். மூன்றாவதாக ஒரு துகளோ கலனின் சுவரோ அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டால் தான் மூலக்கூறு நிலைக்கும்.

எட்டு எலக்ட்ரான் அடையத்தான் சேர்கின்றன என்று படித்தோமே?

எண்ம விதி பயனுள்ள கணக்குமுறை. ஆனால் அது காரணம் அல்ல. 1916இல் லூயிஸ் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் பிணைப்பையும், அதே ஆண்டில் கோசல் எலக்ட்ரான் இடம்மாறும் பிணைப்பையும் விளக்கினார்கள். மந்த வாயுக்களின் எட்டு எலக்ட்ரான் அமைப்பு இருவருக்குமே அளவுகோலாக இருந்தது. எட்டு என்ற எண் எங்கிருந்து வருகிறது? இரண்டாம் வரிசைத் தனிமங்களின் வெளிக்கூட்டில் ஓர் எஸ் ஆர்பிட்டாலும் மூன்று பி ஆர்பிட்டால்களும் இருக்கின்றன. ஆர்பிட்டால் என்பது எலக்ட்ரான் இருக்க வாய்ப்புள்ள இடம். நான்கு ஆர்பிட்டால், ஒவ்வொன்றிலும் இரண்டு எலக்ட்ரான். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் ஆகிய நான்கிலும் விதி நன்றாக வேலை செய்வது இதனால்தான்.

வெளியே போனால் ஆட்டம் காணும். போரான் ட்ரைஃபுளூரைடில் போரானைச் சுற்றி 6 எலக்ட்ரான்தான். பாஸ்பரஸ் பென்டாகுளோரைடில் 10, சல்ஃபர் ஹெக்சாஃபுளூரைடில் 12. நைட்ரிக் ஆக்சைடில் மொத்த இணைதிறன் எலக்ட்ரான்கள் (வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள்) 11. ஒற்றைப்படை என்பதால் எப்படிப் பங்கிட்டாலும் எண்மம் இரண்டு அணுக்களுக்கும் வராது. ஆனாலும் இவை எல்லாம் நிலையாக இருக்கும் பொருள்கள். காரணம் எட்டாக இருந்தால் இவை இருக்கவே கூடாது.

தேர்வில் “ஏன் சேர்கின்றன?” என்று கேட்டால் ஆற்றல் குறைந்து நிலைப்புத்தன்மை கூடுகிறது என்பதை முதல் வரியாக எழுதுங்கள், எண்மம் இரண்டாம் வரியில் வரட்டும். பாஸ்பரஸ் பென்டாகுளோரைடுக்கு டி ஆர்பிட்டால் சேர்ந்த இனக்கலப்பை (ஆர்பிட்டால்கள் கலந்து புதியவை உருவாவதை) பாடப்புத்தகம் சொல்கிறது. தேர்வில் அதையே எழுதலாம். இன்றைய கணக்கீடுகளின்படி அங்கே டி ஆர்பிட்டாலின் பங்கு மிகச் சிறியது. கல்லூரிக்குப் போனதும் இந்தப் பகுதியை மாற்றிப் படிக்க வேண்டியிருக்கும்.

சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிறது, குளோரின் வாங்க விரும்புகிறது. இது சரியா?

முதல் பாதி தவறு. சோடியம் எலக்ட்ரானைச் சும்மா கொடுப்பதில்லை. பிடுங்க 496 கிலோஜூல் செலவாகிறது. குளோரின் அதைப் பெறும்போது 349 தான் திரும்பி வருகிறது. இந்த இரண்டோடு கணக்கை நிறுத்தினால் 147 நஷ்டம். அப்படியிருந்தும் உப்பு உருவாகிறதே, எப்படி? பார்ன்–ஹேபர் சுழற்சியின்படி ஒவ்வொரு படியாக எழுதுங்கள்:

திண்மச் சோடியத்தைத் தனி அணுக்களாக்க: +107
குளோரின் மூலக்கூறில் பாதியை உடைக்க: +122
சோடியத்திலிருந்து எலக்ட்ரானை நீக்க: +496
குளோரின் எலக்ட்ரானை ஏற்க: −349
அயனிகள் படிகமாக அடுக்கப்பட: −787
மொத்தம்: −411

லாபம் முழுவதும் கடைசிப் படியில்தான். ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் 6 குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் 6 சோடியம் என்று முப்பரிமாணத்தில் அடுக்கப்படும்போது கிடைக்கும் படிகக் கூடு ஆற்றல் அது. அதனால்தான் சமையலறை உப்பில் “சோடியம் குளோரைடு மூலக்கூறு” என்று தனியாக எதுவும் இல்லை. குறிப்பிட்ட ஒரு சோடியத்துக்கு ஜோடியாக ஒரு குளோரைடைக் காட்ட முடியாது.

இந்தக் கணக்கில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள் இரண்டு. குளோரினுக்குப் பாதி மூலக்கூறு என்பதை மறந்து 244ஐ முழுதாகப் போடுவது ஒன்று. எலக்ட்ரான் நாட்டத்தின் (குளோரின் எலக்ட்ரானை ஏற்கும்போதுள்ள ஆற்றலின்) குறியை மாற்றிவிடுவது மற்றொன்று. சில புத்தகங்கள் எலக்ட்ரான் நாட்டத்தை +349 என்று அச்சிடும். அங்கே “வெளியேறும் அளவு” என்று பொருள். சுழற்சியில் போடும்போது அது −349 ஆக வேண்டும்.

அப்படியென்றால் சோடியம் இரண்டு எலக்ட்ரானை இழந்து இன்னும் வலுவான படிகத்தை உண்டாக்கலாமே?

கணக்கு இடம் கொடுக்காது. சோடியத்தின் இரண்டாம் அயனியாக்கும் ஆற்றல் 4562 கிலோஜூல். உள்கூட்டு எலக்ட்ரானைத் தொடுவதற்கு அந்த விலை. படிகத்தில் கூடுதலாகக் கிடைப்பது அதை ஈடுகட்டாது. மெக்னீசியத்துக்கோ முதல் இரண்டும் 738, 1451 தான். அதனால் அது +2 ஆகிறது. மெக்னீசியம் ஆக்சைடில் +2, −2 சந்திப்பதால் ஈர்ப்பு பல மடங்கு. சோடியம் குளோரைடு 801 டிகிரி செல்சியஸில் உருகும், மெக்னீசியம் ஆக்சைடு 2800க்கும் மேலே போனால்தான் உருகும்.

பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. சரியா தவறா?

தவறு. இந்த ஒரு கேள்வியில் போகும் மதிப்பெண்கள் அதிகம். பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றல் செலவாகும். பிணைப்பு உருவாகும்போதுதான் வெளிப்படும். எரிவாயு எரிந்து சூடு தருவது பழைய பிணைப்புகளைவிட வலுவான புதிய பிணைப்புகள் உருவாவதால்.

சிலிண்டரில் வரும் புரோப்பேன், பியூட்டேனுக்குப் பதில் எளிதான மீத்தேனை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மீத்தேன், இரண்டு ஆக்சிஜன் சேர்ந்து ஒரு கார்பன் டை ஆக்சைடும் இரண்டு நீரும் தருகின்றன. உடைப்பவை: நான்கு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு, 4 × 413 = 1652; இரண்டு ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு, 2 × 498 = 996. செலவு 2648. உருவாகுபவை: இரண்டு கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு, 2 × 799 = 1598; நான்கு ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு, 4 × 463 = 1852. வரவு 3450. வித்தியாசம் 802 கிலோஜூல், அதுதான் வெப்பம். இது நீர் ஆவியாக வெளியேறும் நிலைக்கான கணக்கு.

இந்த முறையில் பிழை வருவது பெரும்பாலும் எண்ணிக்கையில். ஒரு நீர் மூலக்கூறில் இரண்டு பிணைப்பு, இரண்டு மூலக்கூறில் நான்கு. மூலக்கூறுகளை வரைந்துவிட்டுப் பிணைப்புகளை எண்ணினால் இது நேராது.

உயிரியல் பாடத்தில், செல்கள் ஆற்றலுக்குப் பயன்படுத்தும் மூலக்கூறான ஏடிபியின் “ஆற்றல் மிகு பிணைப்பு” என்று வருவதும் இதே குழப்பத்தைக் கிளப்புகிறது. அந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் வேண்டும். நீரோடு வினைபுரிந்து கிடைக்கும் விளைபொருள்கள் அதைவிட நிலையாக இருப்பதால் மொத்தத்தில் சுமார் 30 கிலோஜூல் மிஞ்சுகிறது.

ஒரு சேர்மம் அயனித்தன்மை உடையதா, சகப்பிணைப்பு உடையதா என்று எப்படிச் சொல்வது?

எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பிலுள்ள எலக்ட்ரானை அணு தன் பக்கம் இழுக்கும் திறன்) வித்தியாசம் 1.7ஐத் தாண்டினால் அயனி என்ற விதி தோராயமானது. ஹைட்ரஜன் 2.20, ஃபுளூரின் 3.98, வித்தியாசம் 1.78. ஆனால் ஹைட்ரஜன் ஃபுளூரைடு சுமார் 20 டிகிரியிலேயே கொதிக்கும் மூலக்கூறுப் பொருள். அயனிப் படிகம் அப்படி நடந்துகொள்ளாது. பாலிங் 1932இல் அளவுகோலாகத் தந்த இந்த எண்கள் பிணைப்பு எவ்வளவு முனைவுற்றது என்று காட்டும். நடுவில் கோடு கிழித்துத் தருவதில்லை.

இன்னும் நல்ல வழி ஃபஜான் விதி: நேர்மின் அயனி சிறிதாகவும் மின்சுமை அதிகமாகவும் இருந்தால், எதிர்மின் அயனி பெரிதாக இருந்தால், எலக்ட்ரான் மேகம் இழுபட்டுச் சகப்பிணைப்புத் தன்மை கூடும். வெள்ளீயத்தின் இரண்டு குளோரைடுகளைப் பாருங்கள். +2 நிலையில் உள்ளது 247 டிகிரியில் உருகும் திண்மம். +4 நிலையில் உள்ளது அறை வெப்பநிலையிலேயே திரவம், 114 டிகிரியில் கொதிக்கும். அதே தனிமங்கள்தான், மின்சுமை மட்டும் மாறியிருக்கிறது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்இடி, 470 ஓம் மின்தடை, முதலை கிளிப் கம்பிகள் நான்கு. எல்லாம் ரிச்சி தெருவில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இரண்டு பென்சில்களை இருபுறமும் சீவி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாயிலிருந்து வேண்டாம், பேட்டரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீர் வேண்டும்.

பேட்டரியின் நேர்முனையிலிருந்து மின்தடைக்கு, அங்கிருந்து எல்இடியின் நீளக் காலுக்கு. குட்டைக் காலிலிருந்து முதல் பென்சிலுக்கு. இரண்டாவது பென்சிலிலிருந்து பேட்டரியின் எதிர்முனைக்கு. முதலில் இரண்டு பென்சில் முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் எல்இடியைத் திருப்பிப் போடுங்கள்.

100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் முனைகளை 2 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தால் விளக்கு எரியாது. அரைத் தேக்கரண்டி சர்க்கரை போட்டாலும் எரியாது. வேறொரு டம்ளரில் அதே அளவு நீரும் உப்பும் எடுத்தால் பளிச்சென்று எரியும். காய்ந்த உப்புக் குவியலில் முனைகளைச் செருகினால் எரியாது, ஏனெனில் படிகத்தில் அயனிகள் நகர முடியாது.

சர்க்கரைக் கரைசலிலும் விளக்கு மங்கலாக எரிந்தால் பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். சென்னை போர்வெல் தண்ணீரில் கரைந்த உப்புகள் ஏராளம், அதுவே மின்சாரத்தைக் கடத்திவிடும். கரண்டியைக் கழுவாமல் உப்பிலிருந்து சர்க்கரைக்கு மாற்றினாலும் இதே கதி. பென்சிலுக்குப் பதில் இரும்பு ஆணி வைத்தால் ஆணி கரைந்து நீர் பழுப்பாகும். உப்புநீரில் 15 விநாடிக்கு மேல் மின்சாரம் செலுத்தாதீர்கள். நேர்முனையில் குளோரின் வாயு உண்டாகும், அதைச் சுவாசிக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

இந்தச் சோதனையின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். வினிகரிலும் மங்கலாக எரியும். ஆனால் அசிட்டிக் அமிலம் சகப்பிணைப்புச் சேர்மம், நீரில் ஒரு சிறு பகுதி மட்டும் அயனியாகப் பிரிகிறது. கால்சியம் கார்பனேட் அயனிச் சேர்மம், ஆனால் கரையாது, அதனால் எரியாது.

சென்னையில் உப்பு ஜாடியில் ஏன் தண்ணீர் விடுகிறது?

தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கசியும். சென்னையில் பல மாதங்கள் காலை நேரத்தில் அந்த அளவு சாதாரணம். கல் உப்பில் ஒட்டிக்கொண்டு வரும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். மே மாத மதியத்தில்கூடக் கசியும். மெக்னீசியம் அயனி சிறியது, மின்சுமை +2. நீர் மூலக்கூறின் எதிர்முனையை அது பிடிக்கும் பிடி, சோடியத்தின் பிடியைவிட நான்கு மடங்குக்கும் மேல்.

மரக்காணம் போன்ற உப்பளங்களில் இதற்காகவே பாத்தி நீரின் அடர்த்தியைக் கவனிப்பார்கள். அடர்த்தியை அளக்கும் பாமே அளவுகோலில் சுமார் 25 டிகிரியில் உப்பு படியத் தொடங்கும். 30ஐ நெருங்கும்போது மிஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிட வேண்டும். தாமதித்தால் மெக்னீசியம் உப்புகளும் கூடவே வந்துவிடும். வீட்டில் உப்பை வாணலியில் வறுத்தால் நீர் போகும், மெக்னீசியம் போகாது. அதனால் மறுபடி கசியும். இறுக மூடும் ஜாடியும் காய்ந்த கரண்டியும்தான் பலன் தரும்.

லூயிஸ் அமைப்பை எந்த வரிசையில் வரைய வேண்டும்?

கார்பனேட் அயனியை வைத்துச் செய்து பார்ப்போம்.

முதலில் மொத்த இணைதிறன் எலக்ட்ரான்கள். கார்பனுக்கு 4, மூன்று ஆக்சிஜனுக்கு 18, அயனியின் மின்சுமை −2 என்பதால் இன்னும் 2. மொத்தம் 24. எதிர்மின் அயனிக்குக் கூட்ட வேண்டும், நேர்மின் அயனிக்குக் கழிக்க வேண்டும். தவறுகளில் பாதி இங்கேயே நடந்துவிடும்.

கவர்தன்மை குறைந்த கார்பனை நடுவில் வைத்து மூன்று ஒற்றைப் பிணைப்பு போடுங்கள். 6 செலவு, மீதி 18. அவற்றை ஆக்சிஜன்களுக்கு ஆறாறாகக் கொடுங்கள். இப்போது ஆக்சிஜன்களுக்கு எட்டு வந்துவிட்டது, கார்பனுக்கு 6 தான். ஓர் ஆக்சிஜனின் தனித்த இரட்டையை (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடியை) பிணைப்பாக மாற்றினால் கார்பனுக்கும் எட்டு.

பிறகு முறைசார் மின்சுமையைச் சரிபாருங்கள்: இணைதிறன் எலக்ட்ரான்களிலிருந்து தனித்த எலக்ட்ரான்களையும் பிணைப்பு எலக்ட்ரான்களில் பாதியையும் கழிக்க வேண்டும். ஒற்றைப் பிணைப்பு ஆக்சிஜன்: 6 − 6 − 1 = −1. அப்படி இரண்டு. மற்றவை பூஜ்யம். கூட்டினால் −2, அயனியின் மின்சுமையோடு பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் முதல் படிக்குத் திரும்புங்கள்.

இரட்டைப் பிணைப்பை எந்த ஆக்சிஜனுக்கும் போடலாம் என்பதால் மூன்று உடனிசைவு வடிவங்கள் வரும். கார்பனேட் இந்த மூன்றுக்கும் இடையே மாறி மாறித் தாவுவதில்லை. அளந்து பார்த்தால் மூன்று பிணைப்பும் ஒரே நீளம், சுமார் 129 பிக்கோமீட்டர். ஒற்றைப் பிணைப்பின் 143க்கும் இரட்டையின் சுமார் 122க்கும் நடுவே. இருப்பது ஒரே அமைப்பு. காகிதத்தில் ஒரே படமாக அதை வரைய முடியாததால் மூன்று வரைகிறோம்.

நீர் வளைந்தும் கார்பன் டை ஆக்சைடு நேராகவும் இருப்பது ஏன்?

நடு அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்கி, முடிந்தவரை தள்ளி நிற்கும். கார்பன் டை ஆக்சைடில் கார்பனைச் சுற்றி இரண்டே திசை, அதனால் 180 டிகிரி. நீரில் ஆக்சிஜனைச் சுற்றி இரண்டு பிணைப்பு, இரண்டு தனித்த இரட்டை, ஆக நான்கு திசை. தனித்த இரட்டைக்கு இடம் அதிகம் தேவை, அது பிணைப்புகளை நெருக்கும். மீத்தேனில் 109.5, அம்மோனியாவில் 107, நீரில் 104.5 டிகிரி என்று கோணம் இறங்குவது அதனால்.

நான்கு பலூன்களை ஒரே அளவில் ஊதி, இரண்டிரண்டாகக் கட்டி, இரண்டு ஜோடியையும் நடுவில் முறுக்கினால் நான்முகி வடிவம் தானாக வரும். அளவு சமமில்லாவிட்டால் வடிவம் சாயும். ஒன்றை மட்டும் வேண்டுமென்றே பெரிதாக ஊதினால் மற்ற மூன்றும் நெருங்கும், தனித்த இரட்டை செய்யும் வேலை அதுதான்.

நீட் தேர்வுக்குப் படிப்பவர்கள் அம்மோனியாவையும் நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஃபுளூரின் கவர்தன்மை அதிகம், ஆனாலும் மூலக்கூறு எவ்வளவு முனைவுற்றது என்று காட்டும் இருமுனை திருப்புத்திறன் அம்மோனியாவுக்கு 1.47 டிபை, மற்றதற்கு 0.23 தான். அம்மோனியாவில் பிணைப்புகளும் தனித்த இரட்டையும் ஒரே பக்கம் இழுக்கின்றன. ஃபுளூரைடில் எதிரெதிராக இழுத்து ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன.

ஆக்சிஜனின் லூயிஸ் படத்தில் எல்லா எலக்ட்ரானும் ஜோடியாக இருக்கிறது. பிறகு ஏன் திரவ ஆக்சிஜன் காந்தத்தில் ஒட்டுகிறது?

லூயிஸ் படம் தோற்கும் இடம் இது. மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கைப்படி 16 எலக்ட்ரான்களை ஆற்றல் வரிசையில் நிரப்பினால், கடைசி இரண்டும் சம ஆற்றலுள்ள இரண்டு எதிர்பிணைப்பு (பிணைப்பைப் பலவீனமாக்கும்) பை ஆர்பிட்டால்களில் தனித்தனியே உட்காரும். ஜோடியில்லாத இரண்டு எலக்ட்ரான்கள் இருப்பதால் காந்தம் ஈர்க்கிறது.

பிணைப்புத் தரம் = (பிணைப்பு எலக்ட்ரான்கள் − எதிர்பிணைப்பு எலக்ட்ரான்கள்) ÷ 2. ஆக்சிஜனுக்கு (10 − 6) ÷ 2 = 2, நீளம் 121 பிக்கோமீட்டர். ஓர் எலக்ட்ரானை நீக்கினால் பிணைப்பு பலவீனமாகும் என்று நினைக்கத் தோன்றும். நீங்குவது எதிர்பிணைப்பு எலக்ட்ரான் என்பதால் தரம் 2.5 ஆக உயர்ந்து நீளம் 112 ஆகச் சுருங்குகிறது. பெராக்சைடில் இரண்டு கூடித் தரம் 1, நீளம் 149. ஹீலியம் ஏன் ஜோடி சேரவில்லை என்பதும் இங்கே தெளிவாகும்: (2 − 2) ÷ 2 = 0.

நைட்ரஜன் வரை பை ஆர்பிட்டால்கள் சிக்மாவுக்குக் கீழே, ஆக்சிஜனிலிருந்து மேலே. இந்த இட மாற்றத்தை மறந்தால் போரான் மூலக்கூறின் காந்தத்தன்மை தவறாக வரும்.

ஹைட்ரஜன் பிணைப்பு உண்மையிலேயே ஒரு பிணைப்பா? அவ்வளவு பலவீனமானது என்ன சாதிக்கும்?

ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜனை அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜன் ஈர்ப்பதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. நீரில் அது சுமார் 20 கிலோஜூல். ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சகப்பிணைப்பின் 463க்கு முன் சிறியதுதான். ஆனால் அது இல்லாவிட்டால் நீர் இருக்கும் விதமே வேறு. அதே தொகுதியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு −60 டிகிரியில் கொதிக்கிறது, நீர் 100இல்.

எண்ணிக்கையில் சேரும்போது அதன் வலு தெரியும். அதற்கு நம் ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் கொலாஜன் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய வடம் போன்றது என்று 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள். மூன்றுக்கு ஓர் இடத்தில் மிகச்சிறிய கிளைசின் இருப்பதால் இழைகள் நெருங்க முடிகிறது. நெருங்கிய இழைகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் கட்டுகின்றன. நீரில் வைத்துச் சூடேற்றினால் பச்சைத் தோல் சுமார் 65 டிகிரியில் சுருங்கிவிடும். அந்தக் கட்டுகள் அங்கே அவிழ்கின்றன.

தோல் பதனிடுவது என்றால் அந்த வடத்துக்குள் கூடுதல் பிணைப்புகளைப் போடுவது. தமிழ்நாட்டின் பழைய முறையில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும். அவற்றிலுள்ள டானின்கள் ஏராளமான ஹைட்ரஜன் பிணைப்புகளால் கொலாஜனோடு ஒட்டும், சுருங்கும் வெப்பநிலை 75 முதல் 85 வரை உயரும். குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த குரோம் முறையில் குரோமியம் அயனி, கொலாஜனின் கார்பாக்சிலேட் தொகுதிகளோடு ஈதல் சகப்பிணைப்பு (பகிரும் இரண்டு எலக்ட்ரானையும் ஒரே பக்கம் தரும் பிணைப்பு) கொள்கிறது. அப்படிப் பதனிட்ட தோல் 100 டிகிரியைத் தாங்கும்.

அதன் செய்முறை வேதிப்பிணைப்புக்கு அருமையான பாடம். தோலை முதலில் அமிலத்தில் ஊறவைத்து அமிலத்தன்மை அளவை (pH) 2.8 முதல் 3க்குள் கொண்டுவருவார்கள். அங்கே கார்பாக்சில் தொகுதிகள் ஹைட்ரஜனோடு இருப்பதால் குரோமியத்தைப் பிடிக்காது, குரோமியம் தடையின்றி நடுப்பகுதி வரை ஊடுருவும். வழக்கமாகத் தோலின் எடையில் 8 சதவீதம் காரக் குரோமியம் சல்ஃபேட். ஊடுருவி முடிந்ததும் சோடியம் பைகார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 3.8 முதல் 4 வரை உயர்த்தினால், கார்பாக்சிலேட் வெளிப்பட்டுக் குரோமியம் அங்கேயே பிணைகிறது. அவசரப்பட்டு ஒரேயடியாகக் கொட்டினால் குரோமியம் மேற்பரப்பிலேயே கட்டிக்கொண்டு நடுப்பகுதி பச்சையாக நின்றுவிடும். ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டுப் பார்ப்பார்கள். சுருங்கினால் பதம் போதவில்லை.

செம்புக் கம்பி வளைகிறது, உப்புக்கல் நொறுங்குகிறது. ஏன்?

உப்பில் ஓர் அடுக்கு நகர்ந்தால் ஒரே மின்சுமைகள் நேருக்கு நேர் வந்து விலக்கும், கல் பிளக்கும். உலோகத்தில் எலக்ட்ரான்கள் எல்லா அணுக்களுக்கும் பொதுவாக இருப்பதால் அடுக்கு நகர்ந்தாலும் பிணைப்பு அறுபடாது. சௌகார்பேட்டைப் பட்டறைகளில் 22 காரட் நகையில் 91.6 சதவீதம் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும். தங்கத்தின் ஆரம் 144 பிக்கோமீட்டர், செம்பு 128. அளவு மாறிய அணு அடுக்கு நழுவுவதைத் தடுப்பதால் நகை கடினமாகிறது. வெள்ளி கிட்டத்தட்டத் தங்கத்தின் அளவே என்பதால் அது தரும் கடினம் குறைவு.

மந்த வாயுக்கள் சேரவே சேராதா?

சேரும். 1962இல் நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறிப்பதைக் கண்டிருந்தார். அதற்கு 1175 கிலோஜூல் வேண்டும். செனானுக்கு 1170 தான். அப்படியானால் செனானும் வினைபுரிய வேண்டும் என்று கணக்கிட்டுச் சோதித்தார், அது நடந்தது. எட்டு நிறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் அந்தச் சோதனையைச் செய்யவே தோன்றியிருக்காது.

முப்பிணைப்பு என்றால் ஒற்றைப் பிணைப்பைப் போல் மூன்று மடங்கு வலுவா?

கார்பனில் இல்லை. ஒற்றை 347, இரட்டை 614, மூன்று 839. இரண்டாவதாகச் சேரும் பை பிணைப்பில் ஆர்பிட்டால்கள் பக்கவாட்டில்தான் மேற்பொருந்துகின்றன. நைட்ரஜனில் நேர்மாறு: ஒற்றை சுமார் 160, மூன்று 945. ஒற்றைப் பிணைப்பில் இரு பக்கமும் உள்ள தனித்த இரட்டைகள் ஒன்றையொன்று விலக்கி அதை மிகவும் பலவீனமாக்குகின்றன.

மணலி உர ஆலையில் அம்மோனியா தயாரிப்பதன் சிரமம் முழுவதும் அந்த 945இல் இருக்கிறது. கணக்கில் பார்த்தால் வினை லாபமானது: ஒரு நைட்ரஜனையும் மூன்று ஹைட்ரஜனையும் உடைக்க 945 + 1308 = 2253; ஆறு நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு தருவது 6 × 391 = 2346. மிச்சம் 93. ஆனால் முப்பிணைப்பு முதலில் தளர்ந்தால்தானே அடுத்த படி? அதனால்தான் ஹேபர் முறையில் 400 முதல் 500 டிகிரி வெப்பமும் இரும்பு வினையூக்கியும் தேவைப்படுகின்றன. இரும்பின் மேற்பரப்பு நைட்ரஜன் அணுக்களோடு தானே பிணைப்பு கொண்டு முப்பிணைப்பைப் பிரிக்கிறது. அந்தப் பிணைப்பு மிக வலுவாக இருந்தால் நைட்ரஜன் மேற்பரப்பிலேயே தங்கிவிடும், மிகப் பலவீனமாக இருந்தால் மூலக்கூறு பிரியாது. இரும்பு இந்த இரண்டுக்கும் நடுவில் அமைந்த உலோகம்.